ஜிஷாவின் கன்பர்மேஷன்

ஸ்மிதாவுக்கு முதன்முதலில் பொறாமை வந்தது ஜிஷாவின் விரல்களைப் பார்த்துத்தான். நகையைப் பார்த்து வந்திருந்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. நிறத்தைப் பார்த்து வந்திருந்தாலும் ஊர் வழக்கம்தானே என்று விட்டுவிடலாம். கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்த பெண், வந்த சூடு ஆறுவதற்குள் முள்ளுவிளை வாயனசாலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கீபோர்டைக் குனிந்தே பார்க்காமல் படபடவென்று தட்டினாள். பின்னால் பெஞ்சில் தன் முறைக்குக் காத்திருந்த ஸ்மிதா தன் விரல்களை மடக்கி மடியில் மறைத்துக்கொண்டாள்.

வாயனசாலை என்று ஊர் சொல்கிற அந்த நூலகம் கேரளத்துப் பாறசாலைக்குத் தெற்கே, ரோடு தமிழ்நாட்டுக்குள் நழுவுவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. பஞ்சாயத்து கொடுத்த கம்ப்யூட்டர் இரண்டு. ஒன்று ஓடும். மற்றதன் மேல் லைப்ரேரியன் விஜயதாஸ் பழைய வாரப் பத்திரிகைகளை அடுக்கி வைத்திருப்பார். சாயங்காலம் திறந்ததும் சர்க்கார் வேலைக்கு பி.எஸ்.சி. பரீட்சை எழுதுகிறவர்கள், கல்ஃபிலிருக்கும் மாப்பிள்ளைக்கு மெயில் அனுப்புகிறவர்கள், ரேஷன் கார்டில் பெயர் திருத்த வந்தவர்கள் எல்லாரும் அந்த ஒன்றுக்குத்தான் வரிசை. ரிட்டயர்டு தாணுலிங்கம்பிள்ளையும் தவறாமல் வருவார். மகன் உமேஷுக்கு வரன் தளங்களில் பெண் தேடுவது அவருக்கு நித்திய கர்மம் போல.

அன்றைக்கும் அவர்தான் ஆரம்பித்து வைத்தார்.

"எம்மா ஸ்மிதா, இந்தப் பிள்ள ஒனக்க ஓர்ப்படியாளா? கை என்ன ஓட்டம் ஓடுது! நீயும் எத்தனையோ வருசமா தட்டுத, கோழி கொத்துன மாதிரியில்லா இருக்கு."

பெஞ்சில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். ஸ்மிதாவும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் தெரிந்துபோய்விடுமே.

கோழி கொத்துவதற்குக் காரணம் இருந்தது. விடியுமுன்னே அவள் கணவன் ஜெயச்சந்திரன் ரப்பர் மரங்களில் வெட்டுப்போட்டுக்கொண்டு போவான். பின்னாலேயே வாளியுடன் போய்ச் சிரட்டை சிரட்டையாகப் பால் எடுப்பது ஸ்மிதா. தட்டங்களில் ஊற்றி, ஆசிட் கலக்கி, உறைந்ததை ரோலரில் கொடுத்து ஷீட் அடிப்பதும் அவள்தான். எலுமிச்சங்காய் போட்டுத் தேய்த்தாலும் நகத்துக்கு அடியில் ஒட்டுப்பால் போகாது. அந்த விரலோடு போய் உட்கார்ந்தால் எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் இதையெல்லாம் தாணுலிங்கம்பிள்ளையிடம் விளக்கிக்கொண்டா இருக்க முடியும்? அதுவும் போக, ஜிஷாவும் இப்போது அதே ரோலரைத்தான் சுற்றுகிறாள். அவள் விரல் மட்டும் எப்படி ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

ஜிஷாவிடம் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அதுதான் பெரிய இம்சை. மீன் கறி வைத்தால் தலையை எடுத்து, "யக்காவுக்குத் தல பிடிக்குமில்லா," என்று ஸ்மிதாவின் தட்டில் வைப்பாள். மழை நாளில் குளிக்க வெந்நீர் போட்டு வைப்பாள். இப்படிப்பட்டவளை எந்த வாயால் குறை சொல்வது? வயிற்றெரிச்சலுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கிளைகூடக் கிடைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஸ்மிதா பி.எஸ்.சி. எழுதுகிறாள். மகள் பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் விடவில்லை. குன்னத்துகாலில் பிறந்து வளர்ந்து, மலையாளப் பள்ளியில் படித்தவள். எழுதிய பரீட்சைகளிலெல்லாம் ஒரு மார்க், அரை மார்க் என்று வாசலில் நின்று திரும்பியவள். ஜிஷா எல்லைக்கு அப்புறம் மேல்புறத்துக்காரி. தமிழ்ப் பள்ளியில் படித்தவள். முதல் தடவை விளையாட்டுபோல ஒரு சின்னப் பரீட்சை எழுதினாள். சப்ளிமென்டரி லிஸ்டில் பெயர் வந்துவிட்டது. வேலை கிடைக்கவில்லை, பெயர்தான் வந்தது. ஆனாலும் மாமியார் கிருஷ்ணம்மா அக்கம்பக்கத்தில் பாயசம் கொடுத்தாள். ஸ்மிதா இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றாள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் ஸ்மிதாவுக்கு ஆறுதல். ஜிஷா மலையாளம் பேசுவாள், கேட்டால் நெய்யாற்றின்கரையில் பிறந்தவள் என்றே தோன்றும். சந்தையில் மீன்காரியோடு மலையாளத்தில் மல்லுக்கட்டி ஜெயித்துவிட்டு வருவாள். ஆனால் எழுத்து தெரியாது. கல்யாண அழைப்பு வந்தாலும் கரன்ட் பில் வந்தாலும், "யக்கா, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கொண்டுவந்து நீட்டுவாள். ஸ்மிதா அதை வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டுவாள். அந்த நேரங்களில் மட்டும் மனசு குளிர்ந்திருக்கும்.

எல்.டி. கிளார்க் அறிவிப்பு வந்தபோது இருவரும் ஒரே நாளில், ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து விண்ணப்பித்தார்கள். அடுத்த எல்.டி. வரும்போது ஸ்மிதாவுக்கு வயது கடந்துவிடும். ஜிஷாவுக்கு இன்னும் எத்தனையோ எல்.டி. உண்டு. அன்று திரும்பி வரும் வழியில் ஜிஷா சொன்னாள்:

"யக்கா, ரெண்டுபேருக்கும் கிட்டினா ஒரே பஸ்சுல ஆபீசுக்குப் போலாம், இல்லியா?"

"பின்னே," என்றாள் ஸ்மிதா. உள்ளே, எனக்குக் கிட்டாமல் உனக்குக் கிட்டினால் நான் வீட்டு முற்றத்தில் நின்று உனக்குக் கை காட்ட வேண்டுமா என்று ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஜிஷாவுக்கு வயிற்றில் உண்டானது. ஏழாம் மாதம் மேல்புறத்திலிருந்து பலகாரப் பெட்டிகளோடு வேன் வந்து அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போயிற்று. வீடு சட்டென்று விசாலமானது போல ஸ்மிதாவுக்கு இருந்தது. வாயனசாலை நாற்காலியில் உட்கார்ந்தால் பின்னால் யாருடைய மூச்சும் இல்லை. மாதிரித் தேர்வுகளில் மார்க்கும் ஏறிற்று. பெண் குழந்தை பிறந்தது என்ற செய்தி வந்தபோது அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். பொறாமைக்காரிக்கும் சந்தோஷம் வராதா என்ன?

ஆடி பிறந்து கர்க்கடக மழை. மரங்களுக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டியும் வெட்டு நடக்கவில்லை. ஜெயச்சந்திரன் மரச்சீனிக்கிழங்கு அவித்ததும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியுமாகத் தட்டு முன்னால் உட்கார்ந்து வானத்தைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அவன் தம்பி அபிஜித் மேல்புறத்திலிருந்து நனைந்து வந்து சேர்ந்தான். புதுப் பேத்தியைப் பார்க்கப் போயிருந்த கிருஷ்ணம்மாவும் கூட வந்தாள்.

"மைனி, ஜிஷா சொல்லி விட்டா," என்றான் அபிஜித், தலையைத் துவட்டிக்கொண்டே. "கன்பர்மேஷன் குடுக்க டைம் ஆயாச்சாம். நீங்க உங்களுக்கது குடுக்கும்போ அவளுக்கதையும் குடுக்கணும்."

பரீட்சை எழுத நிச்சயம் வருவேன் என்று முன்கூட்டியே இணையத்தில் ஒப்புக்கொள்வதுதான் கன்பர்மேஷன். கொடுக்காவிட்டால் விண்ணப்பம் செல்லாது.

"ஏன், அவளுக்க கையில போனு இல்லியா?"

"அவளுக்க அம்மை வாங்கிப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டா. பெத்தவ போனும் புத்தகமும் பாத்தா கண்ணு கெட்டுப்போவுமாம். தொண்ணூறு நாள் கழியாம தரமாட்டாளாம். நான் பாஸ்வேர்டு கொண்டு வந்திருக்கேன்."

"அப்ப நீயே குடுக்கப்படாதா?"

"எனக்கு அதொண்ணும் அறிஞ்சூடா மைனி. நான் தொட்டா அதோட தீந்துது. பின்னே, கேள்வித்தாளுக்க மீடியம் தமிழ்னு மாத்தணுமாம், மறக்காம சொல்லச் சொன்னா. அது தானா மலையாளத்திலயாக்கும் நிக்குமாம்."

"எனக்குத் தெரியும்," என்றாள் ஸ்மிதா.

கிருஷ்ணம்மா காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தாள். "கொச்சுப்பிள்ளைக்கு அவளுக்க மூக்காக்கும். அவளுக்கு சர்க்கார் ஜோலி கிட்டட்டும், கொச்ச நான் பாத்துக்கிடுவேன். நீ ரப்பர் காரியத்தப் பாத்தா போதும், ஸ்மிதா. ஒருத்தி ஆபீசுக்குப் போனா ஒருத்தி வீட்டுல நிக்கணும்லா?"

கிழவி அதைக் கெடுதல் எண்ணிச் சொல்லவில்லை. வீட்டுக் காரியம் எப்படி நடக்கும் என்று ஒரு கணக்குப் போட்டாள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கில் ஆபீசுக்குப் போகிறவள் யார், ஆசிட் நாற்றத்தில் நிற்கிறவள் யார் என்பது ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தது. ஜெயச்சந்திரன் இன்னொரு துண்டு மரச்சீனியை எடுத்துச் சம்மந்தியில் தொட்டான்.

சாயங்காலம் ஸ்மிதா குடையோடு வாயனசாலைக்குப் போனாள். மழைக்கு ஆள் இல்லை. விஜயதாஸ் ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்துக்கொண்டிருந்தார். ஸ்மிதா முதலில் தன்னுடையதைக் கொடுத்தாள். பிறகு ஜிஷாவுடையதைத் திறந்தாள்.

திரையில் ஜிஷாவின் போட்டோ வந்தது. கல்யாணத்துக்கு முன் எடுத்தது. இரட்டைப் பின்னல், நெற்றியில் சாந்து. போட்டோவிலும் சிரிக்காமல் இருக்கத் தெரியவில்லை இவளுக்கு. ஸ்மிதா பரீட்சையைத் தேர்ந்தாள், மாவட்டத்தைத் தேர்ந்தாள். அடுத்த கட்டத்தில் மலையாளம் என்று நின்றது. அம்புக்குறியைத் தொட்டால் தமிழ், கன்னடம் என்று கீழே விரியும். ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

கன்பர்மேஷன் கொடுக்காமல் விட நினைத்தாளா என்றால், இல்லை. அது பாவம். கொடுக்கத்தானே வந்திருக்கிறாள், கொடுக்கவும் போகிறாள். மலையாளம் என்று கம்ப்யூட்டர்தான் சொல்கிறது, அவள் சொல்லவில்லை. இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு இந்த ஊர் எழுத்து தெரியாவிட்டால் அது யார் குற்றம்? தெரியாதவளுக்குத்தான் பாயசம் வைக்கிறார்கள், தெரிந்தவளை ரோலர் சுற்றச் சொல்கிறார்கள். வெளியே மழை இன்னும் ஓங்கி அடித்தது. யு.பி.எஸ். கீச்கீச்சென்று கத்தத் தொடங்கிற்று.

"பிள்ளே, கரன்ட் போச்சு! சீக்கிரம் முடி, இப்ப அணைஞ்சிரும்," என்று விஜயதாஸ் கூவினார்.

ஸ்மிதா கன்பர்ம் பொத்தானை அழுத்திவிட்டாள்.

பிற்பாடு மனசுக்குள் கரன்ட்டின் மேல் பழியைப் போட்டுப் பார்த்தாள். அது நிற்கவில்லை. யு.பி.எஸ். கத்துவதற்கு முன்பே கை அம்புக்குறியைத் தாண்டி வந்திருந்தது என்பது அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மறுபடி போனபோது யாருக்கோ வந்த கஷ்டம் போல விஜயதாஸிடம் கேட்டாள்.

"சேட்டா, ஒருத்தி மீடியம் மாத்திக் குடுத்திட்டா, பின்னே திருத்த முடியுமா?"

"அதெங்கன முடியும்? குடுத்தா குடுத்ததுதான். யாராக்கும் அது?"

"எனக்க ஒரு கூட்டுக்காரி. குளத்தூர்ல."

"பாவம்," என்றார் விஜயதாஸ்.

சோறு தொண்டையில் இறங்காமல் நாலைந்து நாள் கிடந்தாள். அதற்கப்புறம் இறங்கிற்று. மனுஷர்களுக்கு எல்லாம் பழகிப்போகிறது, செய்த துரோகமும்.

ஓணம் கழிந்து ஜிஷா குழந்தையோடு வந்தாள். சதை போட்டு, மஞ்சள் பூசி, பேறுகால மருந்தின் மணத்தோடு இன்னும் அழகாக வந்தாள். வந்ததும் வராததுமாகக் குழந்தையை ஸ்மிதாவின் கையில் கொடுத்து, "பாரு மக்கா, இதாக்கும் ஒனக்க பெரியம்மை. பெரியம்மை இல்லேன்னா அம்மை பரீட்ச எழுத முடியாது," என்றாள். ஸ்மிதா குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தாள்.

ஹால் டிக்கட் வந்தபோது ஜிஷாதான் வாயனசாலைக்குப் போய் இருவருடையதையும் பிரின்ட் எடுத்து வந்தாள். ஸ்மிதா அடுக்களையில் சாளை மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் கத்தியைப் பிடித்த கை நின்றது. இப்போது கேட்பாள். என்ன சொல்வது, கரன்ட் போயிற்று என்றா, மறந்துவிட்டது என்றா?

"யக்கா, ரெண்டுபேருக்கும் ஒரே சென்டர். நெய்யாற்றின்கரை," என்று ஒரு தாளை அலமாரி மேல் வைத்தாள் ஜிஷா. இன்னொன்றை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எல்லாம் பாத்தியா?"

"பாத்தேன்."

அவ்வளவுதான். பார்த்திருக்கமாட்டாள் என்று ஸ்மிதா முடிவு செய்தாள். பெயரையும் இடத்தையும் மட்டும் பார்த்திருப்பாள். சந்தோஷத்தில் இருக்கிறவர்கள் எதையும் முழுசாகப் பார்ப்பதில்லை.

அதற்குப்பின் ஜிஷா தினமும் குழந்தையைக் கிருஷ்ணம்மாவிடம் விட்டுவிட்டு வாயனசாலைக்குப் போனாள். வந்த பிறகும் பேச்சு குறைவாகத்தான் இருந்தது. மீன் பொதிந்து வந்த பேப்பரைக்கூடத் தூரப் போடாமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். படம் பார்க்கிறாள் போலிருக்கிறது என்று ஸ்மிதா நினைத்தாள். கிருஷ்ணம்மாவுக்கோ பெருமை தாங்கவில்லை.

"பால் குடிக்கிற கொச்ச விட்டிட்டுப் படிக்கப் போவுது பாரு. அந்த மனசு யாருக்கு வரும்?"

எனக்கு வந்ததே, என் மகள் பிறந்த வருஷமும் நான் போய் எழுதினேனே, அப்போது நீதானே சொன்னாய், பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகிறவளுக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று? இதை ஸ்மிதா மனசுக்குள்தான் கேட்டாள். அடுப்பில் விறகைத் தள்ளினாள். சொல்லிவிடலாமா என்று காலையில் எழுந்த இளக்கம் அந்த ஒரு வார்த்தையில் கருகிப்போயிற்று.

ஒரு நாள் மட்டும் வாய்வரை வந்தது. மழை விட்டு வெட்டு தொடங்கியிருந்தது. ஸ்மிதா உறைந்த பாலை ரோலரில் கொடுக்க, ஜிஷா கைப்பிடியைச் சுற்றினாள். வெள்ளைத் தண்ணீர் பிழிந்து ஓட, ஷீட் மெல்ல நீண்டு வந்தது.

"ஜிஷா."

"என்ன யக்கா?"

அவள் சுற்றுவதை நிறுத்தி நேராகப் பார்த்தாள். என்னவோ எதிர்பார்த்து நின்றது போல இருந்தது அந்தப் பார்வை.

"ஒண்ணுமில்ல. பைய சுத்து, ஷீட்டு கீறும்."

"செரி," என்றாள் ஜிஷா. மறுபடி சுற்றத் தொடங்கினாள்.

பரீட்சை அன்று இருவரையும் குழந்தையையும் அபிஜித்தே நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோனான். பள்ளிக்கூடம் ஒன்று, அறைகள் வேறு. மணி அடித்ததும் ஸ்மிதா கேள்வித்தாளைத் திறந்தாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பரீட்சை அவளுக்கு அமைந்ததில்லை. தெரிந்ததாகவே வந்தது எல்லாம். கை ஓடிற்று. ஆனால் வட்டத்தைக் கருப்பாக்கும்போதெல்லாம் வராந்தாவுக்கு அப்புறமுள்ள அறையில் ஒருத்தி கேள்வித்தாளைத் திறந்து, அதிலுள்ள எழுத்துகளைப் பார்த்து விழித்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. அந்த நினைப்பு முதலில் இனித்தது, அதை மறைப்பானேன்? பாதி தாளுக்கு மேல் இனிப்பு போய்விட்டது. ஜிஷா அழுதிருப்பாள், எழுந்து போயிருப்பாள் என்று காதைத் தீட்டிக்கொண்டே மீதியை எழுதினாள்.

வெளியே மாமரத்தடியில் அபிஜித் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றான். எல்லாரும் வந்தாயிற்று. கடைசி ஆளாக ஜிஷா வந்தாள். கண் சிவந்து, முகம் வாடி, நடை தளர்ந்து வந்தாள். அழுகிற குழந்தையை வாங்கிக்கொண்டு மதில் ஓரமாகப் போய் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இழுத்து மூடிப் பால் கொடுத்தாள். அபிஜித் டீ வாங்கப் போனான்.

ஸ்மிதா அவள் பக்கத்தில் போய் நின்றாள். இவ்வளவு நாள் வராத வார்த்தை அந்த முகத்தைப் பார்த்ததும் தானாக வந்து விழுந்தது.

"ஜிஷா, மீடியம் நான் மாத்தாம விட்டதாக்கும். மறந்துபோனதில்ல. வேணும்னுதான் விட்டேன்."

ஜிஷா தலை நிமிரவில்லை. "தெரியும் யக்கா. ஹால் டிக்கட் எடுத்த அன்னைக்கே பாத்தேன்."

"பாத்தியா? பின்னே எதுக்கு ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீங்க மறந்துபோச்சுன்னு சொல்லுவிய. நான் அத நம்பணும். ஒரு வீட்டுல கெடக்கணும்லா. அதவிட எழுத்து படிக்கது எளுப்பம்னு தோணிச்சு." குழந்தையை மறுபக்கம் மாற்றினாள். "வாயனசாலையில உக்காந்து மலையாளப் பேப்பரு எழுத்துக்கூட்டி வாசிச்சேன். தலப்பெல்லாம் இப்ப வேகம் வாசிப்பேன். பொடி எழுத்து கஷ்டம். இன்னைக்கு இங்கிலீசும் கணக்கும் போட்டேன், மத்தது பாதிதான் வாசிச்சு எத்த முடிஞ்சுது. அதுக்குள்ள பெல் அடிச்சிட்டான்."

ஸ்மிதா அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

"என்னைய ஏசு. நாலு வார்த்த ஏசிப்போடு, பிள்ளே."

"ஏசினா உங்களுக்குச் சமாதானமாயிரும்," என்றாள் ஜிஷா. "பாஸ்வேர்டு நான் மாத்தியாச்சு."

அபிஜித் டீயோடு வந்தான். "எப்பிடி, ரெண்டுபேரும் தகர்த்து எழுதியாச்சா?" என்று கேட்டான்.

"எனக்குச் சுமார்தான்," என்றாள் ஜிஷா. "யக்கா நல்லா எழுதியிருக்கு. முகத்தப் பாத்தாலே தெரியுதுல்லா."

அவள் குரலில் குத்தல் இருக்கிறதா என்று ஸ்மிதா தேடிப் பார்த்தாள். இருந்திருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பாள். ஒன்றுமில்லை. ஹால் டிக்கட் வந்த நாளிலிருந்து ஒரே சட்டியில் சோறு தின்று, ஒரே ரோலரில் நின்று, மீன் தலையை எடுத்துத் தட்டில் வைத்து, இதை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் இந்தப் பெண். தன்னால் அவளுக்காக வைத்த பாயசத்தைக்கூட வயிற்றில் வைத்திருக்க முடியவில்லையே என்று ஸ்மிதா நினைத்தாள். டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது. வெட்கம் வரவேண்டிய இடம்தான் அது, வெட்கமும் வந்தது. ஆனால் அதற்கு முன்னால், அதைவிட வேகமாக, பழைய பொறாமை வந்து நின்றுகொண்டிருந்தது. இந்த முறை ஜிஷாவின் விரல்களைப் பார்த்து அல்ல.